நல்லூர்ச் சொல்லும் மானிப்பாய் வகுப்பும்: யாழ்ப்பாணத்தில் வைத்திய உதவியாளர் பயிற்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வைத்திய வரலாறு பெரும்பாலும் வைத்தியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நோய்கள், நூல்கள், வைத்தியசாலைகள் ஆகியன அவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. ஆனால் நோயாளிக்கும் வைத்தியனுக்கும் இடையில் நின்று, பெயரைப் பதிந்து, மருந்தை அளந்து கலந்து, புண்ணைக் கழுவிக் கட்டி, உண்ணும் வேளையையும் அளவையும் விளக்கிக் கூறும் உதவியாளனுக்கு அங்கு இடமிருப்பதில்லை. அவன் எங்கு பயின்றான், எம்மொழியிற் பயின்றான், பயின்றபின் எங்கு போனான் என்னும் வினாக்கள் சிறியனவாகத் தோன்றலாம். எனினும் ஒரு சமூகத்தில் நவீன வைத்தியம் யாருக்குக் கிட்டியது, எந்த அளவுக்குக் கிட்டியது என்பதை அறிய இவ்வினாக்களே நமக்கு வழிகாட்டுகின்றன.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இவ்வினாக்களை எழுப்புதற்குத் தனித்த காரணம் ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நல்லூருக்குச் சில கல் தொலைவிலுள்ள மானிப்பாயில், மேலை வைத்தியம் முழுவதும் தமிழிற் கற்பிக்கப்பட்டது. அவ்வகுப்பை நடத்திய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் பெயரைத் தமிழுலகு இன்று ஓரளவு அறியும். கவிஞர் அம்பி 1967ஆம் ஆண்டிலேயே அவரது பணியைத் தனி நூலாக எழுதி நிலைநிறுத்தினார். ஆகையால் கிறீனின் வாழ்க்கையை மீண்டும் கூறுவது எமது நோக்கமன்று. அவ்வகுப்பு யாரை உருவாக்க முனைந்தது, அதற்கு வேண்டிய சொல் எங்கிருந்து வந்தது, அது ஏன் தொடரவில்லை என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நல்லூரின் வைத்திய மரபு

போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டிற் கைப்பற்றும்வரை யாழ்ப்பாண அரசின் தலைநகராக விளங்கியது நல்லூர். அவ்வரசர்கள் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் சிம்மாசனப் பெயர்களை மாறிமாறிப் பூண்டனர். அப்பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய இரு வைத்திய நூல்களும் அரசவை ஆதரவில் வைத்திய அறிவு தொகுக்கப்பட்டமைக்குச் சான்று பகர்கின்றன. இவை செய்யுளில் அமைந்தவை. ஏட்டுச் சுவடிகளாய்ப் பரம்பரை வைத்தியர் இல்லங்களிற் பாதுகாக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளையின் முயற்சியால் அச்சேறியவை. சுன்னாகம் வரதபண்டிதர் இயற்றிய அமுதாகரம் என்னும் விஷவைத்திய நூலும் இம்மரபின் தொடர்ச்சியே.

இம்மரபிற் பயிற்சி எவ்வாறு நடைபெற்றது என்பது ஈண்டு நோக்குதற்குரியது. மாணாக்கன் முதலில் உதவியாளனாகவே ஆசானிடம் சேர்ந்தான். மூலிகை பிடுங்குதல், காயவைத்தல், இடித்தல், அரைத்தல், குடிநீர் காய்ச்சி வடித்தல், எண்ணெய்ப் பதம் பார்த்தல் ஆகியவற்றில் ஆண்டுகள் பல கழிந்தன. ஏட்டைப் படியெடுத்தலும் மனனஞ் செய்தலும் அத்தொழிலுடன் சேர்ந்தே நிகழ்ந்தன. நாடி பிடித்தலும் நோய் நிதானித்தலும் பின்னரே வந்தன. ஆகவே உதவியாளன் என்பவன் தனியொரு தரத்தினன் அல்லன். வைத்தியனாகும் வழியில் நிற்பவன். இருவர்க்கும் மொழி ஒன்று, நூல் ஒன்று. நோயாளிக்கும் அதே மொழி.

இதனைப் பொற்காலமாகக் காட்டுவது எமது கருத்தன்று. அவ்வறிவு குடும்பத்துக்குள்ளும் குருபரம்பரைக்குள்ளும் அடைபட்டுக் கிடந்தது. சாதிக் கட்டுக்கோப்பு அதன் வாயிலைக் காத்துநின்றது. செய்யுள் வடிவம் அதனைப் பாதுகாத்தது. அதேவேளை, பயிலாதோர்க்கு மறைக்கவும் செய்தது. ஆயினும் வைத்தியத்தைத் தமிழிற் சொல்லமுடியுமா என்ற ஐயம் அம்மரபுக்குள் எழுந்ததேயில்லை. அவ்வையம் பிற்காலத்தில், வேறொரு சமூகச் சூழலிற் பிறந்தது.

2. சொற்களும் அச்சும்

1818ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபை மிஷனைச் சார்ந்த யோசேப்பு நைற் நல்லூரைத் தமது நிலையமாக்கிக் கொண்டார். அதற்கு ஈராண்டு முன்னரே அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்தனர். 1820ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனுக்கென வந்த அச்சாளர் கரற் என்பவருக்கு அரசாங்கம் இலங்கையிற் தங்க அனுமதி மறுக்கவே, அவருக்கென வந்த அச்சியந்திரம் நல்லூர் நிலையத்தாரின் பயன்பாட்டுக்குச் சென்றது. 1834ஆம் ஆண்டளவில் அரசின் தடை நீங்கியபின் அமெரிக்க மிஷன் மானிப்பாயில் அச்சகத்தை நிறுவிக்கொண்டது.

அச்சினும் முக்கியமானது சொற்றொகுதிப் பணி. நைற் நல்லூரில் இருந்துகொண்டு தமிழ்ச் சொற்களைப் பெருந்தொகையாகத் திரட்டலானார். அவர் 1840ஆம் ஆண்டில் இறந்தபோது அப்பணி முற்றுப்பெறவில்லை. 1842ஆம் ஆண்டில் மானிப்பாயில் அச்சான யாழ்ப்பாண அகராதிக்கும், 1862ஆம் ஆண்டிற் சென்னையில் வெளிவந்த வின்ஸ்லோவின் பேரகராதிக்கும் அத்தொகுப்பு அடிப்படையாயிற்று. 1842ஆம் ஆண்டு அகராதியிற் பெரும் உழைப்புச் செலுத்தியவர் சந்திரசேகர பண்டிதர் ஆவார். பிற்கால வைத்தியச் சொல்லாக்கத்துக்கு வேண்டிய நிலம், நல்லூரில் தொடங்கிய இப்பணியினாற் பண்படுத்தப்பட்டிருந்தது எனலாம்.

நல்லூரிற் பிறந்த மற்றொரு பேராற்றல் ஆறுமுக நாவலர். அவர் 1822ஆம் ஆண்டிற் பிறந்தார். கிறீனும் அதே ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்தவர். 1848ஆம் ஆண்டிற் கிறீன் மானிப்பாயில் வைத்திய வகுப்பைத் தொடங்க, அதே ஆண்டில் நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சமயத்தில் இருவரும் எதிரெதிர் அணியினர். ஒருவர் பரப்ப வந்த சமயத்தை மற்றவர் தடுத்து நிற்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டார். எனினும் அறிவைத் தமிழ் உரைநடையில், அச்சில், பாடசாலை வழியாகப் பரப்பவேண்டும் என்பதில் இரு முயற்சிகளும் ஒரே காலத்தின் தேவைக்கு விடையிறுத்தன. நாவலரின் பாலபாடங்கள் ஒருபுறமும் மானிப்பாய் வைத்திய நூல்கள் மறுபுறமுமாக, தமிழ் உரைநடை செய்யுளின் துணையின்றிப் பொருளை நேராக விளக்கும் திறனை அக்காலத்திற் பெற்றது.

3. மானிப்பாய் வகுப்பு

யாழ்ப்பாணத்தில் மேலை வைத்தியப் பயிற்சி கிறீனோடு தொடங்கியதன்று. 1820ஆம் ஆண்டளவில் வந்து பண்டத்தரிப்பிற் பணிபுரிந்த யோன் ஸ்கடர் தமக்கு உதவியாகத் தமிழ் இளைஞர் சிலரைப் பயிற்றினார். அவர் 1836ஆம் ஆண்டிற் சென்னைக்குப் பெயர்ந்தார். அவர்க்குப்பின் வட்டுக்கோட்டையில் நேதன் வார்ட் அப்பணியைத் தொடர்ந்தார். 1847ஆம் ஆண்டிற் கிறீன் வந்தபோது, வைத்தியன் ஒருவன். நோயாளரோ ஒரு குடாநாடு என்ற நிலை இருந்தது. வாந்திபேதியும் அம்மையும் அடுத்தடுத்து ஊர்களைச் சூறையாடிய காலம் அது. உதவியாளரைப் பயிற்றுவது கிறீனுக்கு விருப்பத்தின்பாற்பட்ட செயலன்று, தவிர்க்கவியலாத தேவை.

1848ஆம் ஆண்டில் தொடங்கிய வகுப்பு முதலில் ஆங்கிலத்தில் நடைபெற்றது. மாணாக்கர் பெரும்பாலும் வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலங் கற்றவர்கள். வகுப்பு மருந்தகத்தோடு பிணைந்திருந்தமை அதன் சிறப்பியல்பு. மருந்து கலத்தல், புண் கட்டுதல், சத்திரசிகிச்சையில் உடனிருந்து உதவுதல் ஆகியன பாடத்தோடு சேர்ந்தே கற்பிக்கப்பட்டன. இவ்வகையில் அது பழைய குருகுலப் பயிற்சிக்கு நெருங்கியதாயிருந்தது. வேறுபாடு யாதெனில், அறிவு குடும்பச் சொத்தாக இன்றி, வகுப்பறையில் ஒருவர்க்கு மேற்பட்டோர்க்கு ஒருங்கே வழங்கப்பட்டது. காலவரையறையும் தேர்வும் அதில் இருந்தன.

1873ஆம் ஆண்டிற் கிறீன் இறுதியாக யாழ்ப்பாணத்தை விட்டுச் செல்லும்வரை அறுபதுக்கு மேற்பட்டோர் இவ்வாறு பயிற்சி பெற்றனர். இவருட் பாதியளவினர் தமிழிலேயே பயின்றவர்கள். அக்காலக் குடாநாட்டின் அளவை நோக்க இது சிறிய தொகையன்று.

4. தமிழுக்கு மாறியமை

ஆங்கில வகுப்பிற் பயின்றோர் என்ன ஆயினர்? அவருட் பலர் ஊரில் நிலைக்கவில்லை. அரசாங்க சேவை, தோட்டப் பகுதிகள், தென்னிலங்கை நகரங்கள் ஆகியன நிலையான வேதனம் கொடுத்து அவர்களை அழைத்துக்கொண்டன. இது வைத்தியத்துக்கு மட்டும் உரிய போக்கன்று. வட்டுக்கோட்டைச் செமினரி முழுவதுமே இவ்வாறு ஆங்கிலமறிந்தோரை உருவாக்கி வெளியனுப்பும் வாயிலாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கு கற்றவர்களே. தாம் நடத்திய ஆங்கிலக் கல்வி மத ஊழியரை அன்றி உத்தியோகத்தரையே உருவாக்குகின்றது எனக் கண்ட மிஷன் தலைமை, தாய்மொழிக் கல்வியை வற்புறுத்தியது. 1855ஆம் ஆண்டிற் செமினரி மூடப்பட்டது.

கிறீன் 1857ஆம் ஆண்டு தாயகஞ் சென்று 1862ஆம் ஆண்டில் மீண்டார். 1864ஆம் ஆண்டு முதல் வைத்திய வகுப்பு தமிழில் நடைபெற்றது. தமிழிற் கற்றவன் தன் ஊரிலேயே தங்கித் தன் மக்களுக்குப் பணிபுரிவான் என்பது அவரது எதிர்பார்ப்பு. மாணாக்கர் ஐரோப்பிய உடையையும் பழக்கத்தையும் மேற்கொள்ளுதலையும் அவர் விரும்பவில்லை.

இம்மாற்றத்தைத் தமிழ்ப் பற்றாக மட்டும் விளக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. மதம் பரப்புதலே கிறீனின் முதல் நோக்கம். தமிழரிடையே பணிபுரிந்த வைத்திய நற்செய்தியாளன் என்றே தம் கல்லறையிற் பொறிக்கப்படவேண்டும் என விரும்பியவர் அவர். அதனோடு பொருளாதாரக் கூறும் ஒன்றுண்டு. ஆங்கிலமறியாத வைத்தியனுக்கு வெளியே செல்ல வழியில்லை. ஊர்மக்கள் தரும் சிறு வருவாய்க்கு அவன் இசைந்தே ஆகவேண்டும். தாய்மொழி அவனை ஊரோடு பிணைத்த அன்புக் கயிறாகவும் இருந்தது. கால் விலங்காகவும் இருந்தது. இவ்விரு தன்மையும் ஒருங்கே இருந்தமையை மறைத்துவிட்டு நாம் இவ்வகுப்பைப் புகழ்தல் கூடாது.

எனினும் மானிப்பாயைச் சமகால வங்காளத்தோடு ஒப்பிடுகையில் ஒரு முக்கிய வேறுபாடு புலனாகின்றது. கல்கத்தாவில் 1822ஆம் ஆண்டிற் சுதேச வைத்திய நிலையம் ஒன்று தொடங்கப்பெற்று, படைக்கும் பொதுமக்களுக்கும் வேண்டிய கீழ்நிலை வைத்தியர்கள் சுதேச மொழியிற் பயிற்றப்பட்டனர். 1835ஆம் ஆண்டில் அது மூடப்பட்டு, ஆங்கிலத்திற் கற்பிக்கும் வைத்தியக் கல்லூரி உருவாயிற்று. பின்னர் இந்துஸ்தானியிலும் வங்காளியிலும் தனி வகுப்புகள் ஏற்பட்டன. ஆனால் அவை கீழ்த்தரச் சேவைக்குரியனவாகவே அமைந்தன. ஆங்கிலம் வைத்தியனுக்கு, சுதேச மொழி உதவியாளனுக்கு என்னும் பிரிவு அங்கு நிறுவனமாக இறுகியது. மானிப்பாயில் அவ்வாறன்று. ஆங்கிலம் வல்ல மாணாக்கன் எந்நூல்களைப் படித்தானோ, அத்தர நூல்களே தமிழ் மாணாக்கனுக்கும் வேண்டும் எனக் கொள்ளப்பட்டது. மொழி மாறியபோது நூலின் தரம் தாழவில்லை. இவ்வகுப்பின் வரலாற்றுப் பெறுமதி இங்கேதான் உள்ளது.

5. நூல்களும் சொல்லாக்கியோரும்

வகுப்பு தமிழுக்கு மாறுமுன்னரே நூலாக்கம் தொடங்கிவிட்டது. கல்வின் கற்றரின் நூலைத் தழுவிய அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூலும், மோன்செல்லின் நூலைத் தழுவிய பிரசவ வைத்தியமும் 1857ஆம் ஆண்டில் வெளிவந்தன. உடலின் அமைப்பு, அதன் இயக்கம், நலம் பேணல் ஆகிய மூன்றையும் முதனூல் ஒருங்கே கூறுகின்றமை மனங்கொள்ளத்தக்கது. நோயைப் பற்றிக் கற்குமுன் நலத்தைப் பற்றிக் கற்கவேண்டும் என்னும் ஒழுங்கு அதிற் காணப்படுகின்றது. தொடர்ந்து, துருயிற்றின் நூலைத் தழுவிய இரண வைத்தியம் 1867ஆம் ஆண்டிலும், கிறேயின் நூலை முதன்மை ஆதாரமாகக் கொண்ட மனுஷ அங்காதிபாதமும் ஹூப்பரின் நூலைத் தழுவிய வைத்தியாகரமும் 1872ஆம் ஆண்டிலும், வெல்சின் நூலைத் தழுவிய கெமிஸ்தம் 1875ஆம் ஆண்டிலும் அச்சேறின. டால்ற்றனின் நூலைத் தழுவிய மனுஷ சுகரணம் 1883ஆம் ஆண்டிலும், இந்து பதார்த்த சாரம் 1884ஆம் ஆண்டிலும் வெளியாயின. கிறேயின் உடற்கூற்று நூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858ஆம் ஆண்டில். பதினான்கே ஆண்டுகளில் அதன் பொருள் தமிழுக்கு வந்துவிட்டது.

சொல்லாக்க நெறியும் தெளிவாக வகுக்கப்பட்டிருந்தது. வழக்கிலுள்ள தமிழ்ச் சொல் முதலில் தேடப்பட்டது. அது கிட்டாவிடத்து வடமொழி நாடப்பட்டது. அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல் தமிழ் ஒலிக்கேற்பத் திரித்துக் கொள்ளப்பட்டது. கெமிஸ்தம் இம்மூன்றாவது வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு: சொல் வேற்று மொழியது, ஈறு தமிழுக்கு இசைந்தது. அங்காதிபாதம் என்னும் சொல், கேசாதிபாதம் பாதாதிகேசம் எனத் தமிழிலக்கியத்தில் உறுப்புகளை முறைப்படப் பாடும் மரபுக்குப் பழகிய செவிக்கு அந்நியமாக ஒலித்திராது. சுகரணம் என்பதிற் கரணம் என்னும் பழஞ்சொல் நிற்கின்றது. உற்பாலனத்திற் காத்தலைக் குறிக்கும் பாலனம் உள்ளது. வைத்தியாகரம் என்னும் பெயர் அமுதாகரத்தை நினைவூட்டுகின்றது. புதிய அறிவு பழைய மரபின் வாயிலூடாகவே உள்ளே அழைத்து வரப்பட்டது.

இந்நூல்களை நாம் கிறீனின் நூல்கள் எனவே வழங்குகின்றோம். இவ்வழக்கு முழு உண்மையைக் கூறுவதன்று. டான்போர்த், சப்மன் முதலிய தமிழ் மாணாக்கர் மொழிபெயர்ப்பில் அவருடன் உழைத்தனர், கற்பித்தலிலும் பங்கேற்றனர். ஒரு சொல் ஊரில் வழங்குகிறதா, நோயாளியின் வாயில் அது என்ன பொருள் தருகின்றது, புலவரின் ஏட்டில் என்ன பொருள் தருகின்றது என்பதைத் தீர்மானிக்கக் கூடியவர்கள் அவர்களே. மருந்தகத்தில் நாள்தோறும் நோயாளியின் பேச்சைக் கேட்டு வைத்தியனுக்கு உணர்த்திய உதவியாளனின் அனுபவம் இச்சொல்லாக்கத்தினுள் உறைந்திருக்கின்றது. அவர்கள் தாங்கிய ஆங்கிலப் பெயர்களும் அவர்களுடையன அல்ல. மிஷன் பாடசாலைகளில் மாணாக்கர்க்கு உதவுபணம் அனுப்பிய அமெரிக்கக் கொடையாளரின் பெயர்களைச் சூட்டும் வழக்கம் இருந்தது. கொடையாளனின் பெயரில் வாழ்ந்து, ஆசிரியனின் பெயரில் எழுதிய இவர்களின் உழைப்பைத் தமிழ் அறிவியல் வரலாறு இனியேனும் உரியவர்க்கு உரித்தாக்குதல் வேண்டும்.

6. மரபு தடைப்பட்டமை

இத்துணைச் சிறப்புடன் எழுந்த முயற்சி ஏன் நிலைக்கவில்லை? தமிழுக்கு அறிவியலைச் சுமக்கும் ஆற்றல் இல்லை என்பது விடையாகாது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட அச்சுப் பக்கங்கள் அதற்கு எதிர்ச்சான்று. விடையை நாம் அரசாங்கக் கட்டமைப்பிலே தேடல் வேண்டும்.

1860களில் வன்னிப் பகுதியின் ஊர்கள் பறங்கி நோயினால் நலிந்தன. வட மாகாணத்தில் அரசாங்க வைத்தியராயிருந்த ஜேம்ஸ் லூஸ் அந்நிலையை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை சமர்ப்பித்தார். நாட்டிற் பயிற்சி பெற்ற வைத்தியர் பலர் வேண்டும் என்னும் உணர்வை அது வலுப்படுத்தியது. 1870ஆம் ஆண்டிற் கொழும்பில் இலங்கை வைத்தியப் பாடசாலை நிறுவப்பட்டது. லூஸ் அதன் முதல் தலைவரானார். தமிழ் பேசும் வன்னிக் கிராமத்தின் துயரம் தூண்டுகோலாயிற்று. ஆனால் அதற்கு விடையாக எழுந்த கல்விக்கூடம் கொழும்பில், ஆங்கிலத்தில் அமைந்தது. அவ்வேளையில் மானிப்பாயில் தமிழ் வகுப்பு ஆறாண்டுகள் நடைபெற்றிருந்தது. அதற்கு வேண்டிய நூல்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஆயத்தமாகிக் கொண்டிருந்தன. அதனை ஒட்டியே ஒரு தமிழ்ப் பாடசாலையை அரசு நிறுவியிருக்கலாம். நிறுவவில்லை.

காரணம் எளிது. நியமனக் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. வைத்தியசாலைப் பதிவேடு, மருந்துக் கேட்புப் பட்டியல், மேலதிகாரிக்கு அனுப்பும் மாதாந்த அறிக்கை ஆகிய யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழிற் பயின்றவன் நோயாளியைக் குணப்படுத்த வல்லவன். ஆனால் கந்தோருக்கு அறிக்கை எழுத மாட்டாதவன். நோயாளியின் முன் அவன் வைத்தியன்; காரியாலயத்தின் முன் அவன் எழுத்தறியாதவன். உதவியாளரின் தகுதியைத் தீர்மானித்தது நோயாளியின் படுக்கையன்று, காரியாலய மேசையே. கிறீன் அமெரிக்கா திரும்பியபின்னும் 1884ஆம் ஆண்டில் இறக்கும்வரை நூல்களைச் செப்பஞ் செய்து கொண்டிருந்தார். நூல்கள் வளர்ந்தன, வகுப்போ நிலைக்கவில்லை. பயில மாணாக்கரும் பதவி வழங்க அரசும் இல்லாத இடத்தில் நூல் அகராதியாகிவிடுகின்றது. சில தலைமுறைகளில் அரும்பொருளாகிவிடுகின்றது.

7. வகுப்பின் எல்லைகள்

அவ்வகுப்பின் குறைகளையும் கூறுதல் எமது கடன். மாணாக்கர் அனைவரும் ஆடவர். பிரசவ வைத்தியம் 1857ஆம் ஆண்டிலேயே தமிழில் வெளிவந்தபோதும், பிரசவ அறையில் நின்ற பெண்ணின் கைக்கு அந்நூல் எட்டவில்லை. யாழ்ப்பாணத்துக் குழந்தைகளைக் கையேந்தி உலகுக்குக் கொணர்ந்த மருத்துவிச்சிகள், சாதியமைப்பிற் குடிமைத் தொழிலாக அதனைச் செய்தவர்கள். அவர்களது அனுபவ அறிவை நூலோ, நூலின் அறிவை அவர்களோ பெற வாய்ப்பிருக்கவில்லை. 1898ஆம் ஆண்டில் இணுவிலிற் பெண்களுக்கென மக்லியொட் வைத்தியசாலை நிறுவப்பட்டபின்னரே பெண்களைத் தாதியராகவும் மருத்துவ மாதராகவும் பயிற்றும் வழி இங்கு அகலத் திறந்தது. சாதியின் அடித்தளத்தில் இருந்தோர்க்கும் வகுப்பின் கதவு திறந்திருந்ததெனக் கொள்வதற்கில்லை. மிஷன் விடுதிப் பாடசாலையைக் கடந்தே வைத்திய வகுப்பை அடையவேண்டியிருந்தது. அப்பாடசாலைகளை நிரப்பியோர் பெரும்பாலும் உயர்சாதிப் பிள்ளைகளே. மொழித்தடை நீங்கினால் மட்டும் அறிவு மக்களுடையதாகிவிடாது என்பதற்கு மானிப்பாயே சான்று.

8. நிறைவாக

யாழ்ப்பாண வளாகம் 1974ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று 1979ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1978ஆம் ஆண்டில் ஆரம்பமான அதன் மருத்துவ பீடம் இன்றைய நல்லூர்ப் பிரதேசத்தினுள்ளேயே அமைந்திருக்கின்றது. தாதியர், மருந்தாளர், ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் ஆகியோர்க்கான பட்டக் கல்வியும் இப்பல்கலைக்கழகத்தில் நடைபெறுகின்றது. பயிற்சிமொழி ஆங்கிலம். உலகின் மருத்துவ அறிவோடு தொடர்பு கொள்ள ஆங்கிலம் இன்றியமையாதது. இதனை நாம் மறுக்கவில்லை. கிறீனின் நூல்களை இன்று பாடமாக வைக்கவும் இயலாது. அவற்றின் மருத்துவம் பழையதாகிவிட்டது.

ஆனால் அவ்வகுப்பு எழுப்பிய வினா பழையதாகவில்லை. ஆங்கிலத்திற் பயின்ற வைத்தியருக்கும் தமிழில் வலியைச் சொல்லும் நோயாளிக்கும் இடையில் இன்றும் ஒரு மொழிபெயர்ப்பு நிகழ்ந்து கொண்டேயிருக்கின்றது. பெரும்பாலும் அதனைச் செய்பவர் தாதியோ மருந்தாளரோ அல்லர். தனியார் மருத்துவ நிலையத்தின் வாயிலில் மேசையிட்டு அமர்ந்து, பெயரும் வயதும் பதிந்து, இலக்கம் அழைத்து, வெளியே வரும் முதியவரின் துண்டை வாங்கிப் பார்த்து, இது காலையில் வெறுவயிற்றில், இது இரவில் என விளக்கும் இளம் பெண் உதவியாளர். அவருக்குரிய பயிற்சி பல இடங்களில் வேலையிற் சேர்ந்தபின் பார்த்துப் பழகுவதாகவே உள்ளது. அவர் ஓர் எண்ணைத் தவறாகக் கூறினால் ஓர் உயிர் ஊசலாடும். மருத்துவ நிருவாகத்தின் அடிநிலையில் நிற்கும் இப்பணியாளருக்கு, உடலின் அமைப்பையும் மருந்தின் இயல்பையும் பதிவேட்டின் ஒழுங்கையும் நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் கடப்பாட்டையும் தெளிந்த தமிழிற் கற்பிக்கும் ஒழுங்கான பாடநெறியும் நூலும் வேண்டும். அவர் விரும்பின் மேலே கற்றுச் செல்லும் வழியும் வேண்டும். இல்லையெனில் தாய்மொழி மீண்டும் அவருக்கு விலங்காகிவிடும்.

அரசகரும மொழித் திணைக்களம் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் உள்ளன. மானிப்பாய் நூல்கள் உள்ளன. நல்லூர் அரசர் காலத்து வைத்திய நூல்களின் சொற்களஞ்சியம் உள்ளது. சொல்லுக்குப் பஞ்சமில்லை. 1864ஆம் ஆண்டிற் சாதிக்கப்பட்டதை இன்று சாதிக்க முடியாமைக்கு மொழியைக் காரணங்காட்டும் உரிமை நமக்கில்லை. உதவியாளரின் தகுதியை நோயாளியின் பக்கத்தில் நின்று அளப்பதா, காரியாலய மேசையின் பக்கத்தில் நின்று அளப்பதா என்பதே அன்றும் இன்றும் தீர்க்கப்படவேண்டிய வினா. அதனைத் தீர்க்கவேண்டிய இடங்களுள் முதன்மையானது பல்கலைக்கழகமே.